வாஞ்சூரைத் தாண்டினால் நாமும் ஓ.சி.: அரசு வேலையும் ‘திறமை’ப் பேச்சும்



“நன்றாகப் படித்த பிள்ளைகள் யாரும் இப்போது அரசு வேலைக்கு வருவதில்லை. ஐ.டி. கம்பெனிக்கும் வெளிநாட்டுக்கும் போய்விடுகிறார்கள். திறமையான பட்டதாரிகளை அரசுப் பணிக்கு ஈர்ப்பது எப்படி?” கருத்தரங்குகளிலும் நாளிதழ்த் தலையங்கங்களிலும் இந்தக் கவலை ஆண்டுக்கு ஒருமுறை புதுச்சட்டை போட்டுக்கொண்டு வருகிறது. கூடவே தீர்வுகளும் தயாராக வரும்: சம்பளத்தை உயர்த்து, தனியார் நிபுணர்களை நேரடியாக மேல்பதவியில் உட்கார வை, சிங்கப்பூரைப் பார்.

இதே கேள்வியைக் காரைக்காலில் அவ்வையார் அரசு மகளிர் கல்லூரி வாசலிலோ, அறிஞர் அண்ணா அரசுக் கல்லூரி வாசலிலோ நின்று கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் சிரிப்பார்கள். நெடுங்காடு, திருநள்ளாறு, நிரவி கொம்யூன்களில் நான் போய்வரும் காலனிகளில் ஒரு டிகிரியும் ஒரு பொது அறிவுப் புத்தகமும் இல்லாத தெருவே கிடையாது. அரசு வேலைக்கு அவர்களை யாரும் ஈர்க்க வேண்டியதில்லை. அறிவிப்பு எப்போது வரும் என்று தேதி சொன்னால் போதும்.

எண்களைப் பாருங்கள். 2022ஆம் ஆண்டின் குடிமைப் பணித் தேர்வுக்கு விண்ணப்பித்தவர்கள் 11,35,697 பேர். முதல்நிலைத் தேர்வை எழுதியவர்கள் 5,73,735 பேர். இறுதியில் பரிந்துரைக்கப்பட்டவர்கள் 933 பேர். அதே ஆண்டு ஜூலையில் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் குரூப் 4 தேர்வு நடத்தியது. முதலில் அறிவித்த இடங்கள் 7,301. விண்ணப்பங்கள் ஏறத்தாழ 22 லட்சம். முடிவு வர 2023 மார்ச் ஆகிவிட்டது. 2019 நவம்பரில் கோவை மாநகராட்சி 549 துப்புரவுப் பணியிடங்களை நிரந்தர வேலையாக அறிவித்தபோது சுமார் 7,000 பேர் விண்ணப்பித்தார்கள். அவர்களில் பொறியியல் பட்டதாரிகளும் இருந்தார்கள். தலைமுறை தலைமுறையாக நம்மவர்களுக்கென்றே ‘ஒதுக்கி’ வைத்திருந்த வேலைக்குக்கூட, மாதச் சம்பளமும் பணிப் பாதுகாப்பும் வந்தவுடன் வரிசை நீண்டுவிட்டது.

ஆகவே ‘வருவதில்லை’ என்பது பொய். வேறு வழி இருப்பவர்கள் வருவதில்லை என்பது வேண்டுமானால் உண்மை. அவர்களை மட்டும் ‘திறமையானவர்கள்’ என்று எண்ணிக்கொண்டு கவலைப்படுகிறார்கள். வரிசையில் நிற்கும் லட்சக்கணக்கானவர்கள் இந்தக் கவலைக்குள் வருவதே இல்லை. நான் சொல்ல வருவது இதுதான்: அரசுக்குத் திறமைப் பஞ்சம் இல்லை. வாசலில் நிற்கும் திறமையைக் காக்க வைத்தே வீணாக்குகிறார்கள். உள்ளே போன திறமையை மூலையில் உட்கார வைத்து வீணாக்குகிறார்கள்.

நமக்கு ஏன் அரசு வேலை?

“உங்கள் ஆட்களுக்கு எப்போதும் சர்க்கார் உத்தியோகம்தானா? தொழில் தொடங்கக் கூடாதா?” என்று கேட்பவர்கள் உண்டு. சமூகவியல் படித்தவள் என்ற முறையில் ஓர் ஆய்வைச் சொல்கிறேன். சுகதேவ் தோரட், பால் அட்டவெல் இருவரும் நடத்திய ஆய்வு 2007இல் வெளிவந்தது. ஆங்கில நாளிதழ்களில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு, ஒரே அளவு படிப்பும் தகுதியும் கொண்ட விண்ணப்பங்களை அனுப்பினார்கள். பெயர் மட்டும் வேறு. ஒன்றில் உயர்சாதி இந்துப் பெயர், ஒன்றில் தலித் பெயர், ஒன்றில் முஸ்லிம் பெயர். தலித் பெயருக்கு அடுத்த கட்ட அழைப்பு வரும் சாத்தியம், உயர்சாதிப் பெயருக்கு இருந்ததில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். நேர்காணல் அறைக்குள் முகத்தைக்கூட யாரும் பார்க்கவில்லை. பெயர் போதுமானதாக இருந்தது.

எழுத்துத் தேர்வில் நமக்குப் பெயர் கிடையாது, பதிவெண் மட்டும்தான். ஒரு தலித் பிள்ளை அரசுத் தேர்வை நம்புவதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம்.

இது நம் மண்ணில் இன்று தொடங்கியதும் அல்ல. காரைக்கால் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தபோது, 1881 செப்டம்பர் 21இல் ஓர் ஆணை வந்தது. சாதி, மத வழக்கங்கள் சார்ந்த தனிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றுக்கொள்பவர் புதிய குடும்பப் பெயரோடு பதிவு செய்துகொள்ளலாம் என்றது. ‘ரெனோன்சான்’ என்று இன்றும் அவர்களைச் சொல்கிறோம். இந்த வாய்ப்பை முதலில் பிடித்துக்கொண்டவர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினரும் கிறிஸ்தவர்களும் நிறைய. அப்படிப் போனவர்கள் இந்தோசீனாவில் சிப்பாயாக, காவலராக, வரி வசூலிப்பவராக, எழுத்தராக வேலை பார்த்தார்கள். காலனி ஆட்சிக்குச் சேவகம் செய்தார்கள் என்று குற்றம் சொல்வது எளிது. ஊருக்குள் செருப்புப் போட்டு நடக்க முடியாதவனுக்குச் சைகோனில் சீருடை கிடைத்தது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அந்தச் சீருடையும் ஓய்வூதியமும் சில குடும்பங்களைச் சேரியிலிருந்து ஒரே தலைமுறையில் வெளியே எடுத்தன.

பாபாசாகேப் இதைத் தெளிவாகக் கண்டவர். சட்டம் எழுதுவது எவ்வளவு முக்கியமோ, அதை நடத்துகிற நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதும் அவ்வளவு முக்கியம் என்பது அவர் நிலை. வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினரானதும் 1942 அக்டோபரில் பட்டியல் சாதியினரின் குறைகளை விரிவான மனுவாக எழுதிக் கொடுத்தார். அதன் விளைவாக 1943இல் மத்தியப் பணிகளில் 8.33 விழுக்காடு ஒதுக்கீடு வந்தது. அது 1946இல் 12.5 ஆகி, 1970இல்தான் 15 ஆனது. யாரும் தூக்கிக் கொடுத்த எண்கள் அல்ல இவை.

காரைக்காலின் வாசல் எங்கே இருக்கிறது?

நம் ஊரின் சிக்கல் தனி ரகம். மூன்று பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல். நிர்வாகமோ 130 கிலோமீட்டருக்கு அப்பால் புதுச்சேரியில். அதற்கும் மேலே டெல்லி.

புதுச்சேரி யூனியன் பிரதேசத்துக்கென்று தனித் தேர்வாணையம் கிடையாது. குரூப் ஏ, குரூப் பி கெசட்டட் பணிகளுக்கு யு.பி.எஸ்.சி. ஆள் எடுக்கிறது. எழுத்தர் போன்ற கீழ்நிலைப் பணிகளுக்குப் புதுச்சேரி அரசின் பணியாளர் துறையும் அந்தந்தத் துறைகளும் நடத்துகின்றன. ஆண்டுதோறும் இந்த மாதம் இந்தத் தேர்வு என்ற கால அட்டவணை கிடையாது. ஆளுநர் மாளிகைக்கும் அமைச்சரவைக்கும் இடையே கோப்பு நகர்ந்தால் அறிவிப்பு வரும். இல்லையென்றால் வயது ஏறும். காவலர் தேர்வு ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போய், வயது வரம்பைத் தளர்த்தச் சொல்லி நம் இளைஞர்கள் மனுவோடு அலைந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். யூனியன் பிரதேசம் என்றால் இப்படித்தான் என்று சமாதானம் சொல்ல முடியாது. ஜம்மு காஷ்மீர் 2019இல் யூனியன் பிரதேசம் ஆன பிறகும் அதன் தேர்வாணையம் தொடர்கிறது. மனம் இருந்தால் சட்டத்தில் இடம் இருக்கிறது.

சரி, பக்கத்திலேயே தமிழ்நாடு இருக்கிறதே, அங்கே எழுதலாமே என்பீர்கள். எழுதலாம். ஆனால் வாஞ்சூர் எல்லையைத் தாண்டி நாகூருக்குள் கால் வைத்த நொடியில் நாம் பட்டியல் சாதி இல்லை. அரசியல் சட்டத்தின் 341ஆம் பிரிவின்படி பட்டியல் என்பது மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனி. ஒரு மாநிலத்தின் பட்டியல் சாதியினர் இன்னொரு மாநிலத்தில் அந்தச் சலுகையைக் கோர முடியாது என்று 1990இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. புதுச்சேரிக்கான பட்டியல் 1964ஆம் ஆண்டு ஆணையில் இருக்கிறது. ஆதிதிராவிடர், பறையர், பள்ளர் என்று அதே பெயர்கள்தான் தமிழ்நாட்டுப் பட்டியலிலும் இருக்கின்றன. அண்ணன் தம்பி வீடு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. இருந்தாலும் டி.என்.பி.எஸ்.சி. விண்ணப்பத்தில் காரைக்கால் தலித் பொதுப்பிரிவில்தான் வருவார். வயதுத் தளர்வும் கிடையாது, கட்டணச் சலுகையும் கிடையாது.

எல்லை தாண்டி வந்து சரக்கு வாங்கிக்கொண்டு போகிறவருக்கு எதுவும் மாறுவதில்லை. எல்லை தாண்டி வேலை தேடிப் போகிற நமக்குச் சாதியே மாறிவிடுகிறது! அதே கையோடு அந்தப் பக்கம் ஊர்த்தெருவில் வாடகைக்கு வீடு கேட்டுப் பாருங்கள். அங்கே நம்மை யாரும் ஓ.சி. என்று நம்ப மாட்டார்கள்.

பயிற்சியிலும் இதே கதை. தமிழ்நாடு அரசு 2023 முதல் ‘நான் முதல்வன்’ திட்டத்தில் குடிமைப் பணித் தேர்வுக்குத் தயாராகும் 1,000 பேருக்கு மாதம் 7,500 ரூபாய் வீதம் 10 மாதம் கொடுக்கிறது. முதல்நிலை வென்றால் 25,000 ரூபாய். பலன் என்ன? 2024ஆம் ஆண்டுத் தேர்வில் தமிழ்நாட்டிலிருந்து வென்ற 57 பேரில் 50 பேர் இந்தத் திட்டத்தில் பயன்பெற்றவர்கள் என்று அந்த அரசு 2025 ஏப்ரலில் அறிவித்தது. அந்த 50 பேரின் மூளை 2023இல் புதிதாக முளைத்ததா? படிக்கிற 10 மாதம் சோற்றுக்குக் கவலை இல்லாமல் இருந்தது, அவ்வளவுதான். காரைக்கால் பிள்ளைக்கு அந்தத் திட்டமும் எல்லைக்கு அப்பால்தான். தேர்வு எழுதவும் விடியற்காலையில் புதுச்சேரிக்கோ திருச்சிக்கோ பஸ் ஏற வேண்டும்.

பின்வாசல்கள் இரண்டு

முன்வாசல் இப்படி இருக்க, பின்வாசல்கள் தாராளமாகத் திறந்திருக்கின்றன. ஒன்று கீழே, ஒன்று மேலே.

கீழே இருப்பது ஒப்பந்தம், தினக்கூலி, அவுட்சோர்சிங், நம் பிரதேசத்துக்கே உரிய ‘வவுச்சர்’ வேலை. ஆள் பார்த்து, கட்சி பார்த்து உள்ளே விடுவார்கள். ஆட்சி மாறினால் வெளியே தள்ளுவார்கள். 2016 தேர்தலை ஒட்டிப் பொதுப்பணித் துறையில் வவுச்சர் ஊழியர்களாகச் சேர்க்கப்பட்டு, பிறகு நீக்கப்பட்டவர்களின் போராட்டம் ஆண்டுக்கணக்கில் நடந்தது. அங்கே தேர்வும் கிடையாது, இனச்சுழற்சிப் பதிவேடும் கிடையாது. 45 நாளோ அதற்கு மேலோ நீடிக்கும் தற்காலிகப் பணி நியமனங்களிலும் இட ஒதுக்கீடு உண்டு என்று மத்திய அரசு 1968இலேயே ஆணை போட்டிருக்கிறது. 2022 நவம்பரில் அதை மறுபடியும் நினைவூட்டியது. எத்தனை அலுவலகங்களில் அந்தத் தாளைப் பார்த்திருக்கிறீர்கள்?

மேலே இருப்பது பக்கவாட்டு நியமனம். ‘திறமையை ஈர்ப்பது’ என்றால் ஆட்சியாளர்கள் மனத்தில் என்ன இருக்கிறது என்பதை 2024 ஆகஸ்ட் 17இல் வந்த யு.பி.எஸ்.சி. விளம்பரம் காட்டியது. இணைச் செயலர், இயக்குநர், துணைச் செயலர் நிலையில் 45 பதவிகள். தேர்வு கிடையாது, நேர்காணல் மட்டும். இட ஒதுக்கீடு ஓர் இடத்துக்கும் கிடையாது. 15 விழுக்காடு போட்டிருந்தால் பட்டியல் சாதியினருக்கு மட்டும் 6 பதவிகள் வந்திருக்கும். அவர்கள் சொன்ன கணக்கு வேறு: ஒவ்வொன்றும் தனித்தனிப் பதவி, ஒற்றைப் பதவியில் ஒதுக்கீடு கிடையாது. ஒற்றைப் பதவி பற்றி 1998இல் உச்சநீதிமன்றம் சொன்ன தீர்ப்பை எடுத்து, 45ஐ 45 ஒன்றுகளாக உடைத்தார்கள். நாடு முழுக்க எதிர்ப்பு எழுந்ததும் மூன்றே நாளில், ஆகஸ்ட் 20இல், விளம்பரத்தைத் திரும்பப் பெறச் சொன்னார்கள். அப்போது ‘சமூக நீதி’ என்ற சொல் அவர்கள் வாயிலிருந்தே வந்தது. 2018இல் தொடங்கிய இந்த வழியில் அதற்குள் 63 பேர் உள்ளே போயிருந்தார்கள்.

வெளியிலிருந்து நிபுணர்கள் வரவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கடல் அரிப்பைப் பற்றியும் உப்பேறிய நிலத்தைப் பற்றியும் தெரிந்தவர் காரைக்காலுக்குத் தேவைதான். அந்த நிபுணர் ஏன் எப்போதும் நம் தெருவுக்கு வெளியிலிருந்தே வருவார் என்று நினைக்கிறீர்கள் என்பதுதான் என் கேள்வி. திருவேட்டக்குடியில் என்.ஐ.டி. இருக்கிறது, செருமாவிலங்கையில் வேளாண் கல்லூரி இருக்கிறது. அங்கே நம் பிள்ளைகளும் படித்து முடிக்கிறார்கள்.

உள்ளே போனவர்களின் கதை

வாசலைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது. இந்திய அரசுப் பணி வரலாற்றில் ‘திறமையான பட்டதாரி’ என்ற சொல்லுக்கு ஒரே ஓர் ஆளைக் காட்டு என்றால் யாரைக் காட்டுவோம்? 1917இல் கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு, உதவித்தொகை ஒப்பந்தப்படி பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்த அம்பேத்கரைத்தான். அரசர் ஈர்த்தார், பதவியும் கொடுத்தார். அலுவலகக் கடைநிலை ஊழியர்கள் கோப்புகளைத் தூரத்திலிருந்து வீசினார்கள். குடிக்கத் தண்ணீர் இல்லை. தங்கியிருந்த பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்து விரட்டினார்கள். பதினோரு நாளில் அந்தத் தங்குமிடம் முடிந்தது, வேலையும் முடிந்தது. பரோடா இழந்தது யாரை என்று நினைத்துப் பாருங்கள்.

கோப்பை வீசுவது இன்று நடக்காது. வேறு விதமாக நடக்கும். 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் அரசு கொடுத்த பதில்: மத்திய அரசில் இணைச் செயலர் முதல் செயலர் வரையிலான பதவிகளில் இருந்த 322 பேரில் பட்டியல் சாதியினர் 16, பழங்குடியினர் 13, பிற்படுத்தப்பட்டோர் 39, பொதுப்பிரிவினர் 254. ஆனால் 2022 தேர்வில் பரிந்துரைக்கப்பட்ட 933 பேரில் பட்டியல் சாதியினர் 154. நுழையும்போது ஆறில் ஒருவர். உச்சியில் இருபதில் ஒருவர். உச்சியில் இருப்பவர்கள் வேறு காலத்தில் நுழைந்தவர்கள் என்பது சரியே. ஆனால் அவர்கள் நுழைந்தபோதும் 15 விழுக்காடு ஒதுக்கீடு இருந்தது. மீதிப் பேர் எந்தப் படியில் நின்றுபோனார்கள்? யார் எழுதிய ரகசியக் குறிப்பில், எந்த இடமாற்றத்தில்?

நம் ஊரிலிருந்தே ஒரு சான்று. நெடுங்காடு தனித்தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் சந்திர பிரியங்கா 2021இல் அமைச்சரானார். புதுச்சேரியில் ஒரு பெண் அமைச்சராக நாற்பது ஆண்டு ஆகியிருந்தது. 2023 அக்டோபரில் பதவி விலகல் கடிதத்தில், சாதி, பாலின அடிப்படையிலான தாக்குதலுக்கு ஆளானதாக எழுதினார். செயல்பாட்டில் திருப்தி இல்லாததால் முதலமைச்சர் முன்பே அவரை நீக்க முடிவெடுத்திருந்தார் என்பது மறுதரப்பு. எது சரி என்று இங்கே தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. அமைச்சர் நாற்காலியில் இருந்த ஒரு தலித் பெண்ணே இப்படி எழுத வேண்டி வந்தால், ஓர் அலுவலகத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும் இளநிலை எழுத்தருக்கு யார் துணை?

‘நிர்வாகத் திறன் கெடும்’ என்று 335ஆம் பிரிவைக் காட்டிப் பேசுபவர்களுக்கு 2019ஆம் ஆண்டின் பவித்ரா வழக்குத் தீர்ப்பே பதில். பலதரப்பட்ட மக்களையும் உள்ளடக்கிய நிர்வாகமே திறனுள்ள நிர்வாகம், தேர்வு மதிப்பெண் மட்டும் தகுதி ஆகாது என்று அதில் உச்சநீதிமன்றம் விளக்கியிருக்கிறது. சட்டம் படிக்கும் தோழர்கள் அதைத் தேடிப் படியுங்கள்.

என்ன கேட்போம், என்ன செய்வோம்?

1. புதுச்சேரிக்குத் தனித் தேர்வாணையம். அது வரும்வரை, ஆண்டுத் தொடக்கத்திலேயே காலியிடங்களோடு தேர்வுக் கால அட்டவணை. தாமதம் அரசுடையது என்றால், வயதுத் தளர்வும் தானாகக் கிடைக்க வேண்டும்.

2. துறைவாரியாகப் பட்டியல் சாதியினரின் பின்னடைவுப் பணியிடங்களை வெளியிட வேண்டும். அவற்றைத் தனித் தொகுப்பாக நிரப்பலாம், 50 விழுக்காடு உச்சவரம்பு அதற்குத் தடையில்லை என்று 2000ஆம் ஆண்டின் 81ஆவது திருத்தம் சொல்கிறது.

3. ஒப்பந்த நியமனங்களில் அந்த 45 நாள் ஆணையை நடைமுறைப்படுத்த வேண்டும்.

4. காரைக்காலில் தங்கிப் படிக்கும் வசதியோடு அரசுப் பயிற்சி மையமும் மாத உதவித்தொகையும். மருத்துவச் சேர்க்கையில் காரைக்காலுக்கு 18 விழுக்காடு வட்டார ஒதுக்கீடு உண்டு. அதே நியாயத்தை வேலைத் தேர்வுகளிலும் பேச வேண்டும்.

இவை கோரிக்கைகள். நாமே தொடங்க வேண்டியதும் ஒன்று இருக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு துறையின் இனச்சுழற்சிப் பதிவேட்டை நேரில் பார்வையிடக் கேட்கலாம். அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, நிரம்பியது எத்தனை, நமக்குரியதில் காலி எத்தனை, இட ஒதுக்கீட்டுக்கான தொடர்பு அலுவலர் யார் என்று கேளுங்கள். 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். ஒரு கல்லூரிக் குழு ஒரு துறையை எடுத்துக்கொண்டால், ஓராண்டில் காரைக்காலின் முழுக் கணக்கும் நம் கையில் இருக்கும். அந்தக் கணக்கோடு சென்னையில் உள்ள தேசியப் பட்டியல் சாதியினர் ஆணைய அலுவலகத்துக்கும் போகலாம், நீதிமன்றத்துக்கும் போகலாம்.

தேர்வுக்குப் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு சொல். 22 முதல் 30 வரை வாழ்க்கையின் நல்ல வயது. அதை முழுக்க ஓர் அறிவிப்புக்காகக் காத்திருந்தே கழித்துவிடாதீர்கள். கையில் ஒரு வேலையோ மேற்படிப்போ வைத்துக்கொண்டு படியுங்கள். தனியாக அல்லாமல் குழுவாகப் படியுங்கள். தேர்வாகவில்லை என்றால் அது உங்கள் திறமைக்கு வந்த தீர்ப்பு அல்ல. 22 லட்சம் பேர் போட்டியிட்டு 7,301 இடம் என்றால், தோற்றது அரசின் கணக்கு.

தேர்வானவர்களுக்கும் ஒன்று: நீங்கள் உட்காரப் போகும் நாற்காலிக்கு முன்னால், சாதிச் சான்றிதழுக்கும் பட்டாவுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் நம் காலனியிலிருந்து ஒருவர் வந்து நிற்பார். அவரை உட்காரச் சொல்லுங்கள். அந்த ஒரு நாற்காலிக்காகத்தான் இத்தனையும்.

ஜெய்பீம்.